சாப்பிட்ட மாதிரி

நோய் வந்தது, பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். அதில் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஊரே வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும்போது, பிள்ளைகளை மட்டும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காரச் சொல்ல முடியுமா? பூட்டியது நியாயம்தான். ஆனால் பூட்டியவர்களுக்கு ஒரு சங்கதி தெரியாது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பாதிப் பிள்ளைகள் படிக்க வந்தார்கள். மீதிப் பாதி மத்தியானச் சோற்றுக்கு வந்தார்கள். வந்த தோஷத்துக்குக் கொஞ்சம் படித்தும் வைத்தார்கள்.

பூட்டிய கையோடு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: ‘மாணவர் வருகை இல்லாத நாட்களில் உணவு தயாரிக்கலாகாது.’ வராத பிள்ளைக்கு எதற்குச் சோறு? பேஷ். ஆனால் அதே அலுவலகத்தில் வேறொரு மேசையில் வேறோர் உத்தரவு வெகுகாலமாகவே குடியிருந்தது: ‘ஒவ்வொரு வேலை நாளும் ஒரு தட்டு உணவை மாதிரியாக எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்து, மறுநாள் ஆய்வாளர் பார்த்த பின்பே அப்புறப்படுத்த வேண்டும்.’ பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கினால் எந்தச் சோறு குற்றவாளி என்று கண்டுபிடிப்பதற்காக யாரோ நல்ல மனதோடு போட்ட உத்தரவு அது. முதல் மேசைக்கும் இரண்டாம் மேசைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எனவே சாப்பாடு நின்றது. மாதிரி நிற்கவில்லை.

அந்தப் பள்ளியில் சமைக்கிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சாப்பாட்டம்மா. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இந்த உத்தரவு விவகாரம் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தலைமையாசிரியரான பெரிய சாருக்குப் போன் போட்டாள். பெரிய சார் அப்போது வீட்டிலிருந்தே பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார்.

"சார், சாப்பாடே இல்லன்னா மாதிரிய எதுலேருந்து சார் எடுக்கிறது?"

"மாதிரிய மட்டும் தனியா சமைங்கம்மா."

"அது எதுக்கு சார் மாதிரி?"

"நாம சமைச்சிருந்தா எப்படி இருந்திருக்குமோ, அதுக்கு மாதிரி," என்றார் பெரிய சார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் கேட்டுப் பாத்தேன்மா. கேக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க," என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலமே பாக்கி இருந்த நல்லவர்.

அன்றிலிருந்து சாப்பாட்டம்மா தினமும் காலையில் தனியாக வந்து சமையலறையைத் திறந்தாள். உள்ளே பெரிய பெரிய அண்டாக்கள் சுவரைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தன. முன்பெல்லாம் அடுப்பு பற்ற வைக்கும்போதே வகுப்புகளிலிருந்து இரைச்சல் வரும்; வாய்ப்பாடு ஒரு பக்கம், அடிதடி ஒரு பக்கம். இப்போது தீக்குச்சி உரசுகிற சத்தம் கூடக் கூடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். ஒற்றை அறை, புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது, மகள் தூரத்து ஊரில் வாக்கப்பட்டிருந்தாள். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் சாப்பாட்டம்மா சில நாள் அண்டாக்களிடம் பேசினாள். "என்னா முறைக்கிறே? நானா பூட்டினேன்?" என்பாள். அண்டாவிடமிருந்து பதில் வராதது அவளுக்கு அழுகையாக வந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவள் கைக்கு ஒரு தட்டுச் சோறு சமைக்கத் தெரியாது. கூட்டத்துக்கு அள்ளிப் பழகிய கை. மூட்டைக்குள் விட்டால் அது தன்பாட்டுக்கு அள்ளிக்கொண்டு வந்துவிடும். குறைக்கப் பார்ப்பாள், உப்பு கரித்துவிடும், பருப்பு அடிப்பிடித்துவிடும். போகட்டும் என்று கை போன போக்கில் விட்டாள். மாதிரி ஒரு தட்டு போக, பானையில் சோறு ஏராளமாக மிஞ்சியது.

சமையலறைக்குத் தெருப் பக்கம் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு. ஒரு நாள் அந்த ஜன்னலில் இரண்டு கண்கள் முளைத்தன. அதற்குக் கீழே இன்னும் இரண்டு. மேலே இருந்தது நான்காம் வகுப்பு வாயாடி. பேச ஆரம்பித்தால் டீச்சரே உட்கார்ந்துவிடுவார், அப்பேர்ப்பட்ட வாய். கீழே இருந்தது அவள் தம்பி. அம்மா தையல் கடையில் பித்தான் கட்டிக்கொண்டிருந்தாள், கடை பூட்டிவிட்டார்கள். அப்பா லாரியோடு போன ஊரில் மாட்டிக்கொண்டு, போனில் மட்டும் வந்துகொண்டிருந்தார்.

"சாப்பாட்டம்மா, யாருக்குச் சமைக்கிறீங்க?"

"யாருக்கும் இல்லடி. இது மாதிரி."

"எது மாதிரி?"

"சாப்பாடு மாதிரி."

வாயாடி கம்பிக்குள் மூக்கை நுழைத்து மோந்து பார்த்தாள். "சாப்பாடு மாதிரியேதான் இருக்கு," என்றாள். "முட்டை கூட முட்டை மாதிரியே இருக்கு."

சாப்பாட்டம்மா மாதிரியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பானையில் மிஞ்சியதை இரண்டு உருண்டையாகப் பிடித்து, வாயையும் மூக்கையும் இறுகக் கட்டிக்கொண்டு, கம்பி வழியே நீட்டினாள். நோய்க்கு அவளுக்கும் பயம்தான். எதிர்வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவள். கையைக் கழுவிவிட்டு வாங்குங்கள் என்று அதட்டினாள். தம்பி உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தின்றான். வாயாடி தின்றுகொண்டே பேசினாள். வீட்டில் பூனை ஓடிப்போனதைச் சொன்னாள், அம்மா வெறும் டம்ளரை வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டேன் என்று சொன்னதைச் சொன்னாள். பள்ளிக்கூடம் பூட்டிய பிறகு சாப்பாட்டம்மா ஒரு மனுஷக் குரலை அவ்வளவு நேரம் கேட்டது அன்றைக்குத்தான். அவளும் நன்றாகச் சாப்பிட்டாள்.

நல்லது எத்தனை நாள் தாங்கும்? தெருப்பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களோடு சேர்ந்தாற்போல், அதுவரை போனிலேயே மாதிரியைப் பார்த்துவந்த மாதிரி ஆய்வாளரும் நேரில் வந்துவிட்டார்.

ஆய்வாளர் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உறை போட்டுக்கொண்டு வந்தார். கண் மட்டும்தான் தெரிந்தது. அதற்கும் மேலே கண்ணாடி. வந்ததும் சாப்பாட்டம்மாவின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டினார். சரி என்று எழுதினார். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நேற்றைய சோற்றின் மீதும் அதே கருவியை நீட்டினார். அதையும் எழுதினார். முட்டைக்குத் தனியாக நீட்டினார்.

"சோத்துக்கும் காய்ச்சல் வருமா சார்?" என்று சாப்பாட்டம்மா தெரியாமல்தான் கேட்டாள்.

"வராதுன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார் ஆய்வாளர்.

பிறகு இருவரும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போனார்கள். ஆய்வாளர் மண்வெட்டியைக் காட்டினார், சாப்பாட்டம்மா குழி தோண்டினாள். சோறு, பருப்பு, முட்டை எல்லாம் முறைப்படி குழிக்குள் போனது. மண்ணைப் போட்டு மூடி, மேலே சுண்ணாம்புத் தூளும் தூவினார்கள். ஆய்வாளர் போட்டோ எடுத்துக்கொண்டார். மதில் மேல் தெருப்பிள்ளைகளின் தலைகள் வரிசையாக இருந்தன. சாவு வீட்டில் கூட அப்படி அமைதி இருக்காது.

"சாப்பாட்டம்மா, முட்டை முளைக்குமா?" என்று வாயாடி மட்டும் கேட்டாள்.

திரும்பி வரும்போது ஆய்வாளரின் கண் அடுப்பின் மேல் பட்டது. "ஒரு தட்டுக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய பானை?"

"கை வாகு சார். கொஞ்சம் மிஞ்சிடும்."

"மாதிரிக்கு மிச்சம் கிடையாதும்மா. மிச்சம் இருந்தா அது சமையல். சமையலுக்குத் தடை இருக்கு, தெரியும்ல?" அவர் கோபப்படவில்லை. அவருடைய வேலையில் கோபத்துக்கு இடமே இல்லை. அரிசி அறையைப் பூட்டிச் சாவியைத் தன் உறைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒரு தட்டுக்கான அரிசி, பருப்பு, ஒரு முட்டை என்று பொட்டலமாக வந்தது. போகிறபோது ஜன்னலுக்கும் ஒரு பலகை அடித்துவிட்டுப் போனார்.

பூட்டிய அரிசி அறைக்குள் கொஞ்ச நாளில் வண்டு வைத்தது. கதவில் காது வைத்தால் அது கரகரவென்று தின்னும் சத்தம் கேட்டது. வண்டுக்கு வருகைப் பதிவேடு கிடையாது, யாரும் அதைத் தடுக்கவில்லை.

சாப்பாட்டம்மா மறுபடி பெரிய சாருக்குப் போன் போட்டாள். "சார், புதைக்கிறதுக்குப் பதிலா அந்த ஒரு தட்டையாச்சும் அந்தப் புள்ளைங்களுக்குக் குடுத்துடலாமே?"

"எப்படிம்மா முடியும்? மாதிரிய யாராவது சாப்பிட்டா அது அப்புறம் மாதிரி இல்ல. சாப்பாடு ஆயிடும். சாப்பாட்டத்தானே நிறுத்தியிருக்காங்க."

"பசிக்குது சார் அதுங்களுக்கு."

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் பெரிய சார். "நான் வேணா மேல ஒரு வார்த்தை எழுதறேன்."

அவர் எழுதியும்விட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வரம் கொடுத்துவிட்டார், சாமியைத்தான் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தேடியதில் அது ‘பள்ளித் திறப்புக் குழு’ என்ற பெயரில் நகரத்தின் நடுவே ஒரு பெரிய கட்டடத்தில் இருப்பது தெரிந்தது. எழுதியதற்குப் பதிலும் வந்தது. ‘பசி’ என்ற சொல் விண்ணப்பத்தில் காணப்படுவதால், அதுபற்றி நேரில் அறிந்த ஒருவரை அனுப்பிவைக்கவும்.

பெரிய சார் சாப்பாட்டம்மாவை அனுப்பினார். அவள் கிளம்பிய அன்று வாயாடி தெருமுனை வரைக்கும் கூடவே ஓடி வந்தாள். "எங்க போறீங்க? ஸ்கூல் திறக்கச் சொல்லவா? நான் இளைச்சுட்டேன்னு சொல்லுங்க. தம்பி ராத்திரி அழுறான்னு சொல்லுங்க. அழுதா சொல்லலாம்ல?" சொல்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள் சாப்பாட்டம்மா.

குழு கூடிய மண்டபம் குளுகுளுவென்று இருந்தது. ஒவ்வோர் உறுப்பினருக்கும் முன்னால் கண்ணாடித் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில், வறுத்த முந்திரி. முந்திரி தின்பதற்காக முகக்கவசத்தை இறக்குவதும் பேசுவதற்காக ஏற்றுவதுமாக இருந்தார்கள். சாப்பாட்டம்மாவைத் தரையில் வரைந்திருந்த ஒரு வட்டத்துக்குள் நிற்கச் சொன்னார்கள். அவள் செருப்பைக் கழற்றி வட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே நின்றாள்.

குழுத் தலைவர் எழுந்தார். "இந்தக் குழு எத்தனையோ தடவை கூடியிருக்கு. ஒவ்வொரு தடவையும் காரசாரமா விவாதிச்சு, ஒரே மனசா ஒரு முடிவு எடுத்திருக்கோம். அடுத்த தடவையும் கூடறதுன்னு." எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.

"சொல்லுங்கம்மா. பசி எப்படி இருக்கு?"

"ரொம்ப இருக்குங்க."

குழுவில் இருந்த டாக்டர் குறுக்கிட்டார். "பதற வேண்டியதில்ல. பசி தொற்று நோய் கிடையாது. ஒரு பிள்ளைகிட்டேருந்து இன்னொரு பிள்ளைக்குப் பரவாது."

"ஒரே வீட்டுல எல்லாருக்கும் வருதே டாக்டர்?"

"அது பரவறது இல்லம்மா. எல்லாருக்கும் தனித்தனியா வருது."

தலைவர் கையமர்த்தினார். அவருக்கு மனசு விட்டுப் பேச வேண்டும் போலிருந்தது போலும். "அம்மா, எங்க கஷ்டத்தையும் நீங்க புரிஞ்சுக்கணும். ஸ்கூலத் திறக்கிறோம்னு வைங்க. ஒரு பிள்ளைக்கு நோய் வந்தா, ஏன்யா திறந்தேன்னு என் சட்டையப் பிடிப்பாங்க. திறக்கலன்னு வைங்க. ஆயிரம் பிள்ளைக்குப் பசி வந்தாலும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. இப்ப பிள்ளைங்களோட நலனுக்கு எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

சாப்பாட்டம்மாவுக்கு எதிர்வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. திறந்து, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பாவத்தை யார் சுமப்பது? "திறக்கலாமா வேணாமான்னு எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா பூட்டினபடியே சோறு போடலாம்லீங்க? ஜன்னல் இருக்கு. வந்து வாங்கிட்டுப் போயிடுவாங்க."

மண்டபத்தில் முந்திரி மெல்லும் சத்தம் நின்றது. இத்தனை நாள் விவாதத்தில் ஜன்னல் என்ற ஒன்று வந்ததே இல்லை. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பலித்துவிட்டது என்று சாப்பாட்டம்மா ஒரு நிமிஷம் நம்பினாள்.

தலைவர் பெருமூச்சு விட்டார். "நல்ல யோசனை. ஆனா நாங்க திறப்புக் குழு. கதவு வரைக்கும்தான் எங்க அதிகாரம். ஜன்னல் கட்டடத் துறையோடது."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஏழைப் பெண் வெறுங்கையோடு போகக்கூடாது என்று தலைவருக்கு இரக்கம் வந்துவிட்டது. திறந்த மாதிரியும் இருக்க வேண்டும், திறக்காத மாதிரியும் இருக்க வேண்டும். அதற்கு வழி என்ன என்று குழு மண்டையை உடைத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் வழி பிறந்துவிட்டது. ‘மாதிரித் திறப்பு.’ ஒரே ஒரு பள்ளி, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மாணவர். பள்ளி, சாப்பாட்டம்மாவின் பள்ளிதான். மாணவரையும் அவளே பார்த்து அழைத்து வரலாம் என்றார்கள்.

செய்தியைத் தூக்கிக்கொண்டு அவள் நேராக வாயாடி வீட்டுக்கு ஓடினாள். மாதிரி மாணவருக்கு மத்தியானச் சோறு உண்டு, அதுவும் உண்மையான சோறு. மாதிரித் திறப்பு வெற்றி என்றால் அடுத்து எல்லாருக்கும் திறப்பார்கள். வாயாடியின் அம்மா அன்றைக்கே சீருடையைத் துவைத்துப் போட்டாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தினார்கள். "ஒரு முட்டைய நான் பாதி தின்னுட்டு, பாதிய பாக்கெட்டுல போட்டுக்கவா? தம்பிக்கு?" என்று வாயாடி கேட்டாள். சாப்பாட்டம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டாள்.

பள்ளி வாசலில் மேசை போட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். வாயாடியை எடை மெஷினில் ஏற்றினார். உதட்டைப் பிதுக்கினார். கண்ணை இழுத்துப் பார்த்தார். மறுபடி பிதுக்கினார்.

"முடியாதும்மா. இந்தப் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்ல. இந்த நிலைமையில ஸ்கூலுக்கு விட்டா ஆபத்து."

"சாப்பாடு இல்லாம இப்படி ஆயிட்டா டாக்டர். இங்க வந்தாத்தான் சாப்பாடு."

"அதத்தான் நானும் சொல்றேன். முதல்ல வீட்டுல நல்லா சாப்பிட்டு எடை ஏறட்டும். ஏறினதுக்கப்புறம் இங்க வந்து சாப்பிடலாம்." அவர் வாயாடியின் கன்னத்தில், கையுறையோடுதான், பிரியமாகத் தட்டிக்கொடுத்தார். "பால், பழம் எல்லாம் சாப்பிடணும், என்ன?"

"சரி டாக்டர்," என்றாள் வாயாடி. அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

குழுவின் விதிப்படி எல்லாத் தகுதியும் உடைய ஒரு பையன் கடைசியில் கிடைத்தான். தலைவரின் பேரன். பையனைக் குறை சொல்ல முடியாது; அழைத்த இடத்துக்கு வந்தான், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தான். காலியான கூடத்தின் நடுவே ஒற்றைத் தட்டை அவன் முன் வைத்தாள் சாப்பாட்டம்மா. அந்தத் தட்டுக்கு மாதிரியாக இன்னொரு தட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருந்தது. சுற்றிலும் அதிகாரிகள், போட்டோக்காரர்கள். பெரிய சார் ஓரமாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சாப்பிடு கண்ணா," என்றார் தலைவர்.

"பசிக்கல தாத்தா. வீட்டுலேயே சாப்பிட்டுட்டேன்."

"பரவால்ல. கையில எடுத்து வாய்கிட்ட வச்சுக்கோ. சாப்பிடுற மாதிரி. ஆங், அப்படியே. சிரி."

போட்டோ எடுத்தார்கள். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இன்று இந்தப் பள்ளியில் பசி இல்லை என்பதை நம் கண்ணால் பார்த்தோம். மாணவர் உணவைக் கையில் வைத்துக்கொண்டும் சாப்பிடவில்லை என்றால் அதற்கு வேறு என்ன பொருள்?" கை தட்டினார்கள். கேட்டுக்கு வெளியே ஊக்கு குத்திய பாவாடையோடு நின்று வாயாடியும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டம்மா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். வெட்கம், பயம், வேலை எல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துவிட்டன. பாதி தூரம் போவதற்குள் ஆய்வாளரின் கையுறை போட்ட கை தட்டைப் பிடித்துக்கொண்டது.

"மாணவர் வாய் வரைக்கும் போன உணவும்மா. தொற்று இருக்கலாம். புதைக்கணும்."

"என் கையால நான் ஆக்கினதுய்யா!" என்று அவள் கத்தினாள். அவள் கத்தி அந்தக் கூடம் கேட்டதே இல்லை. தட்டை இழுத்தாள். அவர் இழுத்தார். சோறு தரையில் கொட்டியது. எல்லாரும் ஒரு முழம் பின்வாங்கி நின்றார்கள். சாப்பாட்டம்மா குந்தி உட்கார்ந்து அதைக் கூட்டி அள்ளினாள். நிமிர்ந்தபோது கேட்டுக்கு வெளியே ஒருவரும் இல்லை.

மறுநாள் வாயாடி பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தன் வீட்டுச் சோற்றில் பாதியைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு சாப்பாட்டம்மா அவர்கள் வீட்டுக்குப் போனாள். தம்பி மட்டும் வாசலில் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"ஒரு வீட்டுல கைக்குழந்தையப் பாத்துக்க ஆள் வேணும்னாங்கக்கா. பஸ்ஸு ஏறிப் போனா ரொம்ப தூரம். மூணு வேளையும் சோறு போடுறாங்களாம். அனுப்பிட்டேன்."

"படிக்கிற புள்ளையாச்சே..."

"எந்தப் பள்ளிக்கூடத்துலக்கா?" என்றாள் அம்மா. பிறகு உடைந்து போனாள். "ஸ்கூலு திறந்திருந்தா அனுப்பியிருப்பேனா? ஒரு வேளை சோறு அங்க இருந்தா போதும், இன்னொரு வேளைய நான் எப்படியாச்சும் சமாளிச்சிருப்பேன். எனக்கு வேற வழி தெரியலக்கா."

சாப்பாட்டம்மா தூக்குவாளியை அவளிடம் கொடுத்தாள். தன் போன் நம்பரையும் சுவரில் கரியால் எழுதிவிட்டு வந்தாள். அன்று வீட்டுக்குப் போய் அரை வயிற்றோடு படுத்தவளுக்கு யாரும் இல்லாத அந்த அறை குகையாகத் தெரிந்தது.

காலம் யாருக்காகவும் நிற்பதில்லை. நோய் மெல்லத் தணிந்தது. தேர்தலும் வருகிறது என்றார்கள். ஒரு நல்ல நாளில் பள்ளிக்கூடத்தை நிஜமாகவே திறந்தார்கள். வாசலில் தோரணம் கட்டினார்கள். அரிசி அறையைத் திறந்து வண்டு தின்றது போக மிச்சத்தைப் புடைத்தார்கள். திறப்புக் குழுத் தலைவரே கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினார்.

"பெருமையோடு சொல்கிறேன்," என்றார் அவர். "இந்தப் பள்ளியில் ஒரு குழந்தையைக்கூட நாங்கள் நோய்க்குப் பறிகொடுக்கவில்லை." அவர் சொன்னது அத்தனையும் நிஜம். நோய்க்குப் பறிகொடுக்கவில்லை. நான்காம் வகுப்பில் வாயாடியின் இடம் காலியாக இருந்தது. அதைப்போல் இன்னும் சில இடங்களும் காலியாக இருந்தன. அவர்கள் பெயருக்கு நேரே ‘தாமாகவே நின்றுகொண்டவர்’ என்று போடச் சொன்னார்கள். பெரிய சார் போட்டார். போட்டுவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஆயிற்று. அண்டா நிறையச் சோறு வெந்தது. கூடம் பழையபடி இரைந்தது. தட்டுகள் மோதின, ஒருத்தன் முட்டையை இன்னொருத்தன் தட்டிப் பறித்தான், அழுகை, சிரிப்பு, கோள் சொல்லல். இந்த இரைச்சலுக்காகத்தான் சாப்பாட்டம்மா இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தாள். அவள் கை வாகாக அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. இடுப்பில் செருகியிருந்த போன் அப்போது அடித்தது. தெரியாத நம்பர்.

"சாப்பாட்டம்மா?"

கரண்டி அப்படியே நின்றது. "யாரு, வாயாடியா? ஏ புள்ள!"

"மெதுவாப் பேசுங்க. வீட்டம்மா குளிக்கப் போயிருக்காங்க. எங்கம்மாகிட்டதான் நம்பர் வாங்கினேன்."

"எப்படிடி இருக்கே? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அவ்வளவுதான். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், உப்பு இருந்ததா, யார் திட்டினார்கள், ஒன்றும் வரவில்லை. கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளை ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது.

"தம்பி எப்படி இருக்கான்?" என்றாள் வாயாடி.

"நல்லா இருக்கான்டி. உன்னத்தான் தேடுறான்."

அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. வாயாடி ‘ச்சூ ச்சூ’ என்று அதை ஆட்டுவது கேட்டது. பெரிய மனுஷி மாதிரி ஆட்டினாள்.

"சாப்பாட்டம்மா, ஸ்கூலு திறந்துட்டாங்களா?"

சாப்பாட்டம்மா கூடத்தைப் பார்த்தாள். வாயெல்லாம் சோறாகப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள். ஓடியும் சத்தம் கூடவே வந்தது.

"இல்லடி," என்றாள். "இன்னும் திறக்கல."

"அங்க என்ன இரைச்சல் கேக்குது?"

"அது... அந்தக் குழுக்காரங்கடி. கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டே இருக்காங்க."

"இன்னும் முடிவு பண்ணலியா அவங்க?"

"இன்னும் பண்ணல கண்ணு."

வாயாடி ஒரு பெருமூச்சு விட்டாள். அதில் வருத்தம் இல்லை. ஒரு நிம்மதிதான் இருந்தது. "அப்ப சரி. எனக்குப் பாடம் ஒண்ணும் போயிருக்காது. திறந்ததும் மொத ஆளா எனக்குத்தான் சொல்லணும். நான் உடனே வந்துடுவேன்."

"சொல்றேன்டி தங்கம்."

"வீட்டம்மா வந்துட்டாங்க," என்று கிசுகிசுத்துவிட்டு வாயாடி போனை வைத்தாள். சாப்பாட்டம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல் சுவரைப் பார்த்து நின்றாள். உள்ளே பிள்ளைகள் தட்டைத் தட்டித் தட்டி அவளைக் கூப்பிட்டார்கள்.